பதினேழாம் எண் வீடு: காலி

செங்கல்பட்டு,
5.11.1994

அன்புள்ள அண்ணனுக்கு ஜெனிட்டா எழுதுவது.

நீ சதுரங்கப்பட்டினத்தில் தாவீது அண்ணன் வீட்டில் இருப்பதாக நேற்று அவரே ஆள் அனுப்பிச் சொன்னார். அவர் வேலை செய்யும் அணுபுரம் கேன்டீன் முகவரிக்குக் கடிதம் போடச் சொன்னார். அதனால்தான் உறையின் மேல் உன் பெயர் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துரை அண்ணன் சாகவில்லை. தாடை மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது, எழுதிக் காட்ட அவருக்கு எழுத்தும் தெரியாது. மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சித் தண்ணீர் இறக்குகிறார்கள். லோகநாயகி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புருஷன் வாயில் வடிவதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

போலீஸ்காரர்கள் புயலுக்குப் பிறகு நாங்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு முறை வந்தார்கள். நீ அவரை அடித்த லாரி லிவரைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். அதில் ஒரு பல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நீ அடித்தபோது நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அவர் உப்புமா வரிசையில் தட்டோடு நின்றார். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் அடியே வாயில். விழுந்த பிறகும் அடித்தாய். தட்டு உருண்டு வந்து என் காலில் முட்டி நின்றது. நான் "அண்ணா" என்று கத்தியதாக எல்லாரும் சொல்கிறார்கள். கத்தவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் சத்தம் வராது என்பது உனக்குத் தெரியும்.

பூவாயி அக்காவை நீ போன அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டோம். விரலைப் பிரித்துக் கரண்டியை எடுக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். மேலே விழுந்த சுவரைத் தட்டித் தட்டி அந்தக் கரண்டி வளைந்திருந்ததை நீயும் பார்த்தாய். விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அம்மா போன பிறகு நமக்குச் சோறு போட்ட கரண்டி.

நீ ஸ்டியரிங்கில் இருந்ததால் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

எங்கள் ஆபீஸ் ஞானதாஸ் சார் என்னை லாரியின் பின்கதவருகே நிறுத்தி நோட்டைக் கொடுத்தார். ஏரிக்கரையின் நாற்பத்து மூன்று வீட்டு எண்ணும் அதில் இருந்தன. எந்த வீட்டில் ஆள் ஏறிவிட்டார்கள், எதில் இன்னும் இருக்கிறார்கள் என்று எதிரே எழுத வேண்டும். நமக்குப் பின்னால் கயிறும் கடப்பாரையுமாக வரும் ஆட்கள் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வீட்டுக்குள் இறங்குவார்கள். "இடத்த வுட்டு அசையாதம்மா. நீ அசைஞ்சா லிஸ்ட்டும் அசையும்" என்றார். நான் அசையவில்லை. முதல் நடையில் ஒரே தள்ளுமுள்ளு. உன் பட்டறை லாரியில் இறக்காமல் கிடந்த பாதி செதுக்கிய நந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் போனார்கள். அதில் பாதிப் பேரை நான் எழுதவே இல்லை.

கடைசி நடையின்போது காற்று திசை மாறிவிட்டது. ஒரு தகரம் பறந்து வந்து சாலமோன் வீட்டு எருமையின் கழுத்தில் இறங்கியது. அது விழாமல் கொஞ்ச நேரம் நடந்தது. அப்போதுதான் துரை அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் கீழ்வரிசையிலிருந்து ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். விரல் நுனியெல்லாம் ரத்தம். ஆட்டுக் கயிறு அறுத்திருக்கும் என்று நினைத்தேன். "பூவாயி அக்கா வீடு?" என்று கேட்டேன். "காலிம்மா, காலி" என்று கத்தினார். அதற்குப் பிறகும் வாய் அசைந்தது. காற்றில் எனக்குக் கேட்கவில்லை. "எழுதிக்கிட்டேன், ஏறுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஏறினார். அக்கா முதல் நடையிலேயே போயிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதில் ஏதோ ஒன்று சரியாக இல்லை, அண்ணா. எது என்று இன்னும் பிடிபடவில்லை.

உன் தங்கை,
ஜெனிட்டா

சதுரங்கப்பட்டினம்,
9.11.94

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. துரை சாகவில்லை என்று முதலில் எழுதியிருக்கிறாய். நான் அதைக் கேட்கவில்லையே.

எது சரியில்லை என்று நான் சொல்கிறேன். ஒருத்தன் தன் ஆட்டுக்கு இடம் வேண்டும் என்று ஒரு பொம்பளையைச் சுவருக்கடியில் விட்டுவிட்டு வந்து, வூடு காலி என்று உன்னிடம் பொய் சொன்னான். அதுதான் சரியில்லை. ஆள் இருக்கிறது என்றால் வண்டி நிற்கும், ஆட்டை இறக்கச் சொல்வார்கள், அதனால் சொல்லவில்லை. நான் அப்பவே கேபினிலிருந்து கத்தினேன், ஆளுக்கே எடமில்ல, ஆட்ட ஏத்தறான் பாருன்னு. நீயும் கேட்டிருப்பாய்.

காலையில் மண்ணைத் தள்ளியது நான். நீ தூரத்திலிருந்து பார்த்தாய். நான் அந்தக் கையைத் தொட்டேன். இன்னும் சூடு இருந்த மாதிரி இருந்தது பாப்பா. பள்ளிக்கூடத்துக்கு வந்தால் அவன் தட்டை நீட்டிக்கொண்டு பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். அந்த வாயில்தான் போட்டேன். இன்னொரு தடவை பார்த்தாலும் அங்கேயேதான் போடுவேன்.

இங்கே பேஜாராகத்தான் கிடக்கிறேன். இடிந்த கோட்டைக்குப் பின்னால் தாவீது வூடு. கரையில் இருந்த படகெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உடைந்து கிடக்கிறது. பகலில் வலைக் குவியலுக்குப் பின்னால் படுத்திருக்கிறேன். உடம்பெல்லாம் கருவாட்டு நாற்றம். பட்டறை முதலாளி லாரியை வந்து எடுத்துக்கொண்டு போனாராம். நந்திக்கு ஒரு காது உடைந்திருந்ததாம். ஓடிப்போன டிரைவரைவிட அந்தக் காதுக்குத்தான் அதிகமாக அழுதார் என்று தாவீது சொல்கிறான்.

ஒரே ஒரு காரியம் செய். அந்த நோட்டைப் பத்திரமாக வை. பதினேழாம் எண்ணுக்கு எதிரே நீ "காலி" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குச் சாட்சி. ஞானதாஸ் சாரிடம் காட்டு. எல்லாரிடமும் காட்டு. துரை என்ன செய்தான் என்று ஊருக்குத் தெரியட்டும். படித்த பெண் எழுதியதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஸ்டான்லி

செங்கல்பட்டு,
14.11.1994

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடியே நோட்டைக் காட்டினேன். வாயைத் திறக்க வேண்டியதில்லை, பக்கத்தைத் திருப்பி நீட்டினால் போதும் என்பது எனக்கு வசதியாக இருந்தது.

சாலமோன் அதை வாங்கிப் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று சத்தமாகப் படித்தார். "பதினேழு, பூவாயி, காலி. சொன்னவர் துரை." பூவாயி அக்காவின் புருஷன், புயலன்று வெளியூரில் மாட்டிக்கொண்ட ஏசுதாஸ் மாமா, அதுவரை யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவர். எழுந்து வந்து "எங்க, அந்த எழுத்தக் காட்டு" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்துப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார். பின்னாலேயே இருபது பேர் போனார்கள்.

துரை அண்ணன் குடிசையில் கூரை போய்விட்டாலும் மூன்று பக்கச் சுவர் நின்றிருந்தது. நிவாரணத்தில் வந்த பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் லோகநாயகி அக்கா முந்தின நாள்தான் இழுத்துக் கட்டியிருந்தாள். அதில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஷீட் உருகிச் சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே விழுந்தது. சுவரைக் கடப்பாரையால் தள்ளினார்கள். அந்த ஆட்டைக் கட்டையாலேயே அடித்துக் கொன்றார்கள். யாரும் அதைச் சமைக்கவில்லை. ஏரியில் எறிந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் அரிசி வரிசையில் லோகநாயகி அக்கா இரண்டு பெண் குழந்தைகளோடு நின்றாள். பின்னாலிருந்தவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள். ஒரு பெண்ணின் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி மிதித்தார்கள். "கொலகாரன் வூட்டுக்கு இன்னா அரிசி?" என்று கேட்டவள் யார் தெரியுமா, துரை அண்ணன் தோளில் ஏறி வெள்ளத்தைத் தாண்டிய கிழவிதான். அக்கா யாரையும் திட்டவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நோட்டோடு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தாள். பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வூடும் காலி, ஜெனி. இதையும் எழுதிக்கோ."

பேனாவை எடுத்து அவள் வீட்டு எண் முப்பத்தொன்றுக்கு எதிரே "காலி" என்று எழுதப் போனேன். கை நின்றுவிட்டது.

அண்ணா, அதிலிருந்து தூங்கவில்லை. நான் கேட்பதற்குத் திட்டாமல் பதில் எழுது. நம் ஏரிக்கரையில் ஒருவர் "காலி" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

ஜெனிட்டா

சதுரங்கப்பட்டினம்,
18.11.94

பாப்பா,

ஆட்டைக் கொன்றது தப்பு. அதற்கு என்ன தெரியும்.

இது இன்னா கேள்வி? பி.ஏ. படித்த பெண் எட்டாம் கிளாஸ்காரனிடம் கேட்கிற கேள்வியா? காலின்னா காலி. பூட்ச்சுன்னு அர்த்தம். முடிஞ்சுதுன்னு அர்த்தம். டயர் காலி என்றால் வெடித்துவிட்டது. சாலமோன் எருமை காலி. அன்றைக்கு லாரியில் வரும்போதே பசங்கள் சொல்லிகினு வந்தார்கள், மாதா கோயில் கூரை காலி, பள்ளத்து டீக்கடை காலி, அந்தோ பார் ஏசுதாஸ் வூடும் கா

இதற்குமேல் நேற்று எழுத முடியவில்லை. எழுந்துபோய்க் கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தாவீது சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நாய் தின்றது.

அவன் வூடு இடிந்துவிட்டது என்றா சொன்னான்?

நீ ஆள் இல்லை என்றா எழுதினாய்?

விரலெல்லாம் ரத்தம் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். ஆட்டுக் கயிறு உள்ளங்கையைத்தான் அறுக்கும். விரல் நுனி கிழிய வேண்டும் என்றால் மண்ணைத் தோண்டியிருக்க வேண்டும். கல் பட்டறையில் இருக்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி. இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடு. மழையில் ஊறிப் போச்சு என்று சொல்லு. யாரிடமும் எதையும் சொல்லாதே. நான் அவனை அடித்தது அடித்ததுதான், நான் உள்ளே போகப் போகிறவன்தான். அதோடு போகட்டும். துரைக்கு வாய் இல்லை. இது தெரிந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான். நம் வூட்டில் முதல் முதலாக ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவள் நீ. நீ போய் "நான்தான் தப்பாக எழுதினேன்" என்றால் நாற்காலியும் போகும், ஏரிக்கரைக்காரர்கள் உன்னை உயிரோடு விடவும் மாட்டார்கள். ஏசுதாஸ் கையில் இப்போது கடப்பாரை இருக்கிறது. நான் பக்கத்தில் இல்லை.

கிழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. அது வந்தால்தான் சாப்பிடுவேன்.

ஸ்டான்லி

செங்கல்பட்டு,
25.11.1994

அன்புள்ள அண்ணா,

கிழிக்கவில்லை. நீ சாப்பிடு.

வேலை கிடைத்த நாளிலிருந்து நான் வாயைக் கழுவிக்கொண்டு பேசினேன். "கீது" என்று வந்தால் "இருக்கிறது" என்று மாற்றிக்கொள்வேன். "வூடு" என்று வந்தால் விழுங்கிவிடுவேன். ஆபீஸ் படிவத்தில் காலி என்றால் ஆள் இல்லாத இடம். துரை அண்ணன் ஏரிக்கரைக்காரியிடம் சொன்னார். அங்கே நின்றது அவள் இல்லை.

கயிறோடு வந்தவர்களில் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன். பதினாறில் இறங்கிப் பார்த்தார்களாம். பதினெட்டிலும் பார்த்தார்களாம். நடுவில் இருந்ததை நோட்டைப் பார்த்து விட்டுவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து ரொட்டி கொடுக்கும் நேரத்தில் பெஞ்சின்மேல் ஏறினேன். பெஞ்சு ஆடியது, யாரோ சிரித்தார்கள். எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தேன். அதில் இருந்தது நல்ல தமிழ். அதைப் படித்தால் மறுபடியும் தப்பாகிவிடும் என்று பட்டது. தாளை மடித்துவிட்டேன்.

"துரை அண்ணன் பொய் சொல்லல. வூடு காலின்னாரு. இடிஞ்சிட்சின்னு சொன்னாரு. நான் ஆளு இல்லன்னு எழுதிகினேன். நம்ப பேச்சு எனக்குப் புரியாத பூட்ச்சி."

பிறகு ஏசுதாஸ் மாமா வந்து என் முடியைப் பிடித்து இழுத்தார். பெஞ்சிலிருந்து முகம் தரையில் பட விழுந்தேன். முதுகில் உதைத்தார். யாரோ குண்டானால் அடித்தார்கள். யார் என்று தெரியும், எழுதமாட்டேன். நெற்றியில் ஐந்து தையல். முன்பல் ஒன்று ஆடுகிறது. கண்ணில் ரத்தம் இறங்கியதில் எல்லார் காலும் சிவப்பாகத் தெரிந்தது. லோகநாயகி அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் அடிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

திடீரென்று ஏசுதாஸ் மாமாவின் கை நின்றுவிட்டது. அவர் கீழே உட்கார்ந்து, "அப்ப நான் இன்னாத்துக்குடா அவன் வூட்ட எரிச்சேன்?" என்று சாலமோனைக் கேட்டார். சாலமோன் ரொட்டிக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் வாக்குமூலம் கொடுத்தேன். அவர் "வீடு காலியாக இருந்ததாகத் துரை கூறினார்" என்று எழுதினார். அந்த வரியை அடித்து மாற்றச் சொன்னேன். மறுபடியும் அதையே எழுதினார். மூன்றாவது முறை நானே பேனாவை வாங்கி, "வீடு இடிந்து விழுந்துவிட்டது என்று கூறினார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் என் தையலையும் கையெழுத்தையும் மாறிமாறிப் பார்த்தார். ஞானதாஸ் சார் நல்லவர்தான். இனிமேல் வர வேண்டாம் என்பதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

லோகநாயகி அக்காவுக்கு இப்போது அரிசி கொடுக்கிறார்கள். அந்தக் கிழவிதான் அளந்து போடுகிறாள்.

ஜெனிட்டா

சதுரங்கப்பட்டினம்,
30.11.94

பாப்பா,

தையல் எந்தப் பக்கம்? வலமா இடமா? அதை எழுதவில்லையே.

உன்னை அடித்தவனைக் கொல்ல வேண்டும் என்று எழுந்தேன். தாவீது கதவை மறித்துக்கொண்டு, "மச்சான், நீ அடிச்சதுக்கு உன்ன கொல்ல மொதல்ல யாரு வரணும்?" என்றான். உட்கார்ந்துவிட்டேன்.

அவன் சிரித்தான் என்று எழுதினேன் இல்லையா. எதற்குச் சிரித்தான் என்று இப்போது யோசிக்கிறேன். அக்காவைத் தூக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் நாஸ்தாவுக்கு வரிசையில் நின்றிருக்கிறான். அந்த வாயில்தான் நான் போட்டேன்.

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். நேராக ஸ்டேஷன்தான். நீ அங்கே வந்து நிற்காதே.

துரையிடம் நான் சொன்னதாக எதையும் சொல்லாதே. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஸ்டான்லி

செங்கல்பட்டு,
16.12.1994

கிளைச் சிறையில் இருக்கும் அண்ணனுக்கு,

தையல் இடது பக்கம். பிரித்துவிட்டார்கள். முடியை இறக்கி வாரினால் தெரியாது.

நேற்று துரை அண்ணனுக்குக் கம்பியை அறுத்தார்கள். நான் தினமும் அந்த வார்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். லோகநாயகி அக்கா போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன், அவள் போய்க் குளித்துவிட்டு வருவாள். இத்தனை நாளில் அவளிடம் ஒன்றைக் கேட்காமல் இருந்துவிட்டேன். அவரிடம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று.

நர்ஸ் கடைசிக் கம்பியை இழுத்தபோது அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ரத்தமும் எச்சிலும் கலந்து வழிந்தது. தாடை ஒரு பக்கம் கோணி நிற்கிறது. இனி அப்படித்தான் இருக்குமாம். வாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். பிறகு என்னை அருகில் வரும்படி விரலை அசைத்தார். வார்த்தை உடைந்து உடைந்து வந்தது.

"ஆட்டுக்காம்மா உங்க அண்ணன் என்னை அந்த அடி அடிச்சான்?"

நான் அவர் தலையணையைச் சரி செய்தேன்.

"ஆட்ட வுட்டுட்டுத்தான் ஏறியிருக்கணும். புள்ளைங்களுக்குப் பாலு ஆச்சேன்னு பாத்தேன். அவன்கிட்ட சொல்லு, எனக்குக் கோவம் இல்லன்னு."

நான் லோகநாயகி அக்காவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆடு போனது, குடிசை எரிந்தது, எதையுமே அவள் சொல்லியிருக்கவில்லை. அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். வாயைத் துடைக்கக் கை போனது. அந்த விரல்களில் புது நகம் பாதிதான் வளர்ந்திருக்கிறது.

"ஆறு வாரமா பூவாயி ஒருவாட்டிகூட என்ன வந்து பாக்கலியேம்மா. காலு கீலு ஒடஞ்சிட்சா அதுக்கு? நான் தோண்டிப் பாத்தேன், வாசக்கால நவுத்த முடியல. ஆள அனுப்புன்னு உன்கிட்ட கத்தினேன். நீயும் எழுதிக்கினேன்னு சொன்ன. எழுதியாச்சி, இனிமே ஆளு வந்துடும்னுதான் வண்டில ஏறினேன். வந்து தூக்கிட்டாங்க இல்ல?"

நான் சொன்ன பதிலை எழுத முடியவில்லை, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை மனு போட்டு வருகிறேன். வாயால் சொல்கிறேன்.

ஜெனிட்டா